பதிவேடுகளைக் காக்கும் வட்டுகள்

பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஒவ்வொரு நாளும் முதலில் செய்யும் வேலை எது என்று கேட்டால், காலை வழிபாட்டுக் கூட்டம் என்று பலர் விடை கூறுவர். அதற்கும் முன்னதாக ஒரு சிறு வேலை உண்டு. அன்று எந்த ஆசிரியர் விடுப்பில் இருக்கிறார், அவருடைய வகுப்புக்கு யாரை அனுப்பலாம் என்று பார்த்து, ஓர் ஏட்டில் எழுதிச் சுற்றுக்கு விடுதலே அவ்வேலை. அந்தப் பாடவேளையில் ஓய்வாக இருக்கும் ஆசிரியர் ஒருவர் அவ்வகுப்புக்குச் செல்வார்; வகுப்பு தடையின்றி நடக்கும். வந்தவர் பதில் ஆசிரியர் என்பதை மாணவர் ஒரு நாளிலே மறந்தும் விடுவர். ஆனால் ஏட்டில் எழுதிய தலைமையாசிரியர் மறக்கலாகாது. விடுப்பில் சென்றவர் எப்பொழுது திரும்புவார், அதுவரை வேறொருவரும் விடுப்பு எடுத்தால் என்ன செய்வது என்னும் கவலை அவருக்கு உரியது.

கம்ப்யூட்டரில் செய்திகளைச் சேமித்து வைக்கும் வட்டுகளின் உலகிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பல வட்டுகளை ஓர் அணியாக நிறுத்தி, அவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் செய்தி அழியாமற் காப்பது ஒன்று. ஓய்வாக ஒரு வட்டை வைத்திருந்து, பழுதுபட்டதன் இடத்தில் அதனை அமர்த்துவது மற்றொன்று. இவற்றைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். நான் பொறியாளன் அல்லேன். 1981-ஆம் ஆண்டு முதல் 2016-ஆம் ஆண்டு வரை ஆசிரியத் தொழில் செய்து ஓய்வு பெற்றவன். ஒரு பள்ளியின் பதிவேடுகள் சிலவற்றை என் பொறுப்பில் இருந்தபோது இழந்த பின்னரே இந்தக் கலையைக் கற்றேன். ஆகையால் கற்றதைக் கூறும்பொழுது இழந்ததையும் கூறக் கடமைப்பட்டவன் ஆகிறேன்.

பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. குழந்தை பள்ளியில் சேரும் நாளில் அதன் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சேரும் வகுப்பு ஆகியவற்றை வரிசை எண்ணிட்டு அதில் எழுதுவோம். வீட்டிலே பிறந்து, பிறப்பைப் பதிவு செய்யாமல் வளர்ந்த முதியவர்கள் நம் நாட்டில் பலர். அவர்கள் தம் வயதை மெய்ப்பிக்க வேண்டிய நாள் வரும்பொழுது, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியர் எழுதிய அந்த ஒரு வரியே அவர்களுக்குத் துணை.

நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியில் இத்தகைய ஏடுகள் 41 இருந்தன. சில ஏடுகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. ஓய்வு பெற்ற பின், பழைய மாணவர் சிலரைத் துணை சேர்த்துக்கொண்டு, அவ்வளவையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யும் வேலையை மேற்கொண்டேன். நைந்த ஏடுகளை முதலிலும், நன்னிலையில் உள்ளவற்றைப் பின்னரும் எடுத்தோம். படங்களை வைப்பதற்காக 2018-இல் ஒரு சர்வர் வாங்கினோம். அதில் தலா இரண்டு டெராபைட் கொள்ளளவுள்ள நான்கு வட்டுகளும், அவற்றை ஆளுவதற்கு ரெய்டு கன்ட்ரோலர் என்னும் ஒரு தனி அட்டையும் இருந்தன.

இந்த ரெய்டு என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்று சிறிது காண்போம்.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்புக் கருவியில், 24 அங்குல விட்டமுள்ள வட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து தாங்கியது ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துகளே. இன்று ஒரு மாணவன் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கு அந்த இடம் போதுமோ போதாதோ, ஐயமே. அதன் பின் முப்பது ஆண்டுகளில், பெரிய கம்ப்யூட்டர்களுக்கு விலை மிக்க பெரிய வட்டுகளும், மேசைக் கம்ப்யூட்டர்களுக்கு விலை குறைந்த சிறிய வட்டுகளும் வந்துவிட்டன. பெரிய வட்டு ஒன்றின் இடத்தில் சிறியவை பலவற்றைச் சேர்த்து வைத்தால் என்ன என்று, 1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் என்னும் மூவர் ஒரு கட்டுரையில் வினவினர்.

அவர்கள் அதில் காட்டிய கணக்கு ஒன்று மாணவர்க்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டத் தக்கது. ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் பழுதின்றி உழைக்கும் என்று கொள்வோம். அது மூன்று ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம். அத்தகைய வட்டுகள் 100 சேர்ந்து உழைத்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாவதற்கு ஆகும் சராசரிக் காலம் 300 மணி நேரமே. இரண்டு வாரம்கூட இல்லை. ஆட்கள் மிகுந்த பள்ளியில் நாள்தோறும் யாரேனும் ஒருவர் விடுப்பில் இருப்பதைப் போன்றதே இது. ஆதலின் வட்டுகளைச் சேர்த்தால் மட்டும் போதாது; ஒன்று கெட்டால் அதிலுள்ளதை மற்றவற்றிலிருந்து திரும்பப் பெறும் வகையில், தேவைக்குச் சிறிது மிகையாக எழுதி வைத்தல் வேண்டும் என்றனர். விலை குறைந்த வட்டுகளை மிகையோடு சேர்த்த அணி என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே ரெய்டு என்றாயின. பிற்காலத்தில், விலை குறைந்த என்பதன் இடத்தில் தனித்தனியான என்னும் பொருளுடைய சொல்லை வைத்துக்கொண்டனர்.

மிகையாக எழுதி வைப்பது எவ்வாறு? எளிய வழி, ஒரே செய்தியை இரண்டு வட்டுகளில் எழுதுவது. இதனை ரெய்டு 1 என்பர். ஒன்று போனால் மற்றொன்று இருக்கும். ஆனால் வாங்கிய இடத்தில் பாதியே பயன்படும்.

மற்றொரு வழி பாரிட்டி என்னும் கணக்கு. நான்கு, ஏழு, ஒன்பது என்னும் மூன்று எண்களை மூன்று தாள்களில் எழுதி, அவற்றின் கூட்டுத்தொகையாகிய இருபதை நான்காவது தாளில் எழுதுவோம். ஏழு எழுதிய தாள் தொலைந்துவிட்டது. இருபதிலிருந்து நான்கையும் ஒன்பதையும் கழித்தால், தொலைந்தது ஏழு என்று தெரிந்துவிடும். எந்தத் தாள் தொலைந்தாலும் மற்றவற்றைக்கொண்டு அதனை எழுதிவிடலாம். ஆனால் இரண்டு தாள்கள் தொலைந்தால் இந்தக் கணக்கு உதவாது. கம்ப்யூட்டர் கூட்டுத்தொகையை எழுதுவதில்லை. அதன் எழுத்துகள் யாவும் ஒன்றும் சுழியுமே ஆதலால், வரிசையில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி ஓர் இலக்கத்தைச் சேர்த்து எழுதுகிறது. கருத்து ஒன்றே. இந்தக் கணக்கை எல்லா வட்டுகளிலும் பரப்பி எழுதுவது ரெய்டு 5. இரண்டு வெவ்வேறு கணக்குகளை எழுதி, எந்த இரண்டு வட்டுகள் ஒருங்கே போனாலும் தாங்குவது ரெய்டு 6. இரட்டைப் பிரதிகளைச் சோடி சோடியாக அமைத்து, அச்சோடிகளின்மேல் செய்தியைப் பகிர்ந்து எழுதுவது ரெய்டு 10. ரெய்டு 0 என்றும் ஒன்று உண்டு. அது வேகத்துக்காகச் செய்தியைப் பகிர்வதேயன்றி எதனையும் காப்பதில்லை. அதில் ஒரு வட்டு போனால் அனைத்தும் போயிற்று.

எங்கள் சர்வரில், அதனை அமைக்க வந்தவர் மூன்று வட்டுகளை ரெய்டு 5 அணியாகச் சேர்த்தார். நான்காவதை ஹாட் ஸ்பேர் என்று குறித்தார். ஹாட் ஸ்பேர் என்பது மின்சாரத்தோடு பொருத்தப்பட்டு, வேலையின்றிக் காத்திருக்கும் வட்டு. அணியில் ஒன்று கெட்டவுடன், யாருடைய கட்டளையும் இல்லாமலே கன்ட்ரோலர் அதனை அழைத்து, கெட்ட வட்டில் இருந்தவற்றைக் கணக்கிட்டு அதில் எழுதத் தொடங்கும். நம் பதில் ஆசிரியரைப் போன்றதே அது. மிகவும் நல்ல ஏற்பாடு என்று நான் மகிழ்ந்தேன். இயந்திரமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். ஸ்கேன் செய்து முடித்த ஏடுகளை இனிப் புரட்டிக் கிழிக்க வேண்டாம் என்று, கட்டுகளாகக் கட்டிப் பின்புற அறையில் வைக்கச் சொன்னவனும் நானே.

2020-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு நாள், சர்வர் இருந்த அறையிலிருந்து விடாத கீச்சொலி ஒன்று எழுந்தது. பக்கத்து அறையில் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் சென்று பார்த்தேன். படங்கள் யாவும் திறந்தன. எந்தக் குறையும் தென்படவில்லை. அந்த ஒலியை நிறுத்த வழியில்லையா என்று அலுவலகப் பணியாளரைக் கேட்டேன். கன்ட்ரோலரின் திரையில் இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று, ஒலியை அப்போதைக்கு அடக்குவது. அடுத்த பழுது நேர்ந்தால் அது மீண்டும் ஒலிக்கும். மற்றொன்று, ஒலியை அடியோடு முடக்குவது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் அறியேன். முடக்குமாறு சொன்னேன். அறை அமைதியாயிற்று.

உண்மையில் அன்று நடந்தது இது. அணியில் ஒரு வட்டு கெட்டது. ஓய்வாக இருந்த வட்டு அதன் இடத்தை ஏற்றது. சில மணி நேரத்தில் பழையபடி மூன்று வட்டுகள் அணியில் நின்றன. இயந்திரம் தன் கடமையை நன்றாகவே செய்தது. ஆனால் இனிக் காத்திருக்க ஒரு வட்டும் இல்லை. கெட்டதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டியது எங்கள் கடமை. அதனைச் சொல்லவே அது ஒலித்தது. அதன் வாயை நான் அடைத்துவிட்டேன்.

அவ்வாண்டு மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. சான்றிதழ் கேட்டு எவரேனும் வந்தால் மட்டும் அறையைத் திறப்பர். 2021 செப்டம்பரில் மேல் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபொழுது, சர்வர் எங்கள் படங்களைக் காட்ட மறுத்தது. கன்ட்ரோலர் தன் நிகழ்ச்சிக் குறிப்பில் எல்லாவற்றையும் தேதி தவறாமல் எழுதி வைத்திருந்தது. பிப்ரவரியில் இரண்டாவது வட்டு கெட்டது. அணி ஊனமுற்ற நிலையில் ஆறு மாதம் உழைத்தது. ஆகஸ்டில் மூன்றாவதும் கெட்டது. ஆறு மாதத்தில் ஒரு முறை யாரேனும் அந்தக் குறிப்பைப் பார்த்திருந்தால், ஒரு புதிய வட்டின் விலையில் அனைத்தும் பிழைத்திருக்கும். கெட்ட வட்டுகளிலிருந்து செய்தியை மீட்டுத் தருவோர் கேட்ட தொகை, எங்கள் சங்கத்தின் இரண்டாண்டு வரவுக்கு நிகரானது. அதைக் கொடுத்தாலும் உறுதி கூற இயலாது என்றனர்.

பின்புற அறையைத் திறந்தோம். கூரை ஒழுகி, ஏட்டுக் கட்டுகளில் ஒரு பகுதி நனைந்து, கறையான் ஏறியிருந்தது. நல்லூழாக, கம்ப்யூட்டர் ஆசிரியை ஒருவர், பெயர்ப்பட்டியல் தயாரிப்பதற்காக முதல் 26 ஏடுகளின் படங்களைத் தனி வட்டு ஒன்றில் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தார். அவை பிழைத்தன. எஞ்சிய பதினைந்தில் ஒன்பது ஏடுகளை மீண்டும் ஸ்கேன் செய்ய முடிந்தது. ஆறு ஏடுகள் போயின. நைந்தவை என்று முந்தி எடுத்தவை தப்பின. நன்னிலையில் உள்ளவை என்று பிந்தி எடுத்தவையே அழிந்தன.

அடுத்த மாதம் தச்சுத் தொழில் செய்யும் பெரியவர் ஒருவர் வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று வேண்டும் என்றார். அவர் படித்த ஆண்டு அந்த ஆறு ஏடுகளுள் ஒன்றைச் சேர்ந்தது. இல்லை என்று நான் கூறியபொழுது அவர் சினங்கொள்ளவில்லை. “ஐயா, நான் இந்தப் பள்ளியிலேதான் படித்தேன். அதோ, அந்த வேப்பமரத்தடியிலேதான் எங்கள் மூன்றாம் வகுப்பு நடந்தது” என்று, நான் அவரை நம்பவில்லையோ என்று எண்ணியவர்போல, மரத்தைக் காட்டிக் கூறினார். அவர் படித்ததை நான் ஐயுறவில்லை. அதனை எழுதிக் கொடுக்க என்னிடம் ஒரு வரி இல்லை. பின்னர் வேறு வழியில் சான்று பெற்றார் என்று கேள்விப்பட்டேன். அதற்கு எத்தனை நாள் அலைந்தார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதன் பின்னரே நான் இந்தக் கலையை ஒரு மாணவனைப்போல் கற்கத் தொடங்கினேன். கற்றவற்றுள், சிறு அலுவலகமோ பள்ளியோ வைத்திருப்போர்க்குப் பயன்படக்கூடியவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, இருக்கும் வட்டுகளை எவ்வாறு பகிர்வது என்பது. எங்களிடம் நான்கு இருந்தன. மூன்றை ரெய்டு 5 அணியாக்கி ஒன்றை ஓய்வாக வைத்தால், பயன்படும் இடம் இரண்டு வட்டுகளின் அளவு. நான்கையும் ரெய்டு 6 அணியாக்கினாலும், ரெய்டு 10 அணியாக்கினாலும் அதே அளவுதான். இடம் ஒன்றாயினும் காவல் ஒன்றன்று. முதல் ஏற்பாட்டில், ஓய்ந்திருக்கும் வட்டு வேலையை ஏற்று முடிக்கும் வரை அணிக்குக் காவல் இல்லை. அந்த இடைவேளையில் இன்னொன்று கெட்டால் அனைத்தும் போகும். ரெய்டு 10-இல் இரண்டாவதாகக் கெடுவது அதே சோடியைச் சேர்ந்ததாக இராவிட்டால் பிழைக்கலாம். ரெய்டு 6-இல் எந்த இரண்டு கெட்டாலும் செய்தி நிற்கும். எழுதும் வேகம் அதில் சற்றுக் குறையும். எழுதுவது குறைவாகவும் காப்பது மிகுதியாகவும் உள்ள பதிவேட்டுப் பணிக்கு அஃது ஒரு குறையன்று. ஆகவே நான்கு வட்டுகளே உள்ளவர்கள் நான்காவதைச் சும்மா உட்கார வைப்பதைவிட அணியிலே சேர்த்துவிடுவது மேல். பல அணிகள் உள்ள பெரிய இடங்களில், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றிரண்டு வட்டுகளை ஓய்வில் வைப்பது சிக்கனமான வழியாகும்.

அந்த இடைவேளை எவ்வளவு நீளம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு டெராபைட் வட்டு ஒன்றை விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் எழுதி நிரப்ப 40,000 விநாடிகள், அதாவது பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் அணிக்கு வேறு வேலை இல்லாதபொழுது. பகலில் அலுவலகம் பயன்படுத்திக்கொண்டிருந்தால் ஒரு நாளும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அவ்வளவு நேரமும் எஞ்சிய வட்டுகள் முதலிலிருந்து கடைசி வரை படிக்கப்படுகின்றன. மேசைக் கம்ப்யூட்டர்களுக்கான வட்டுகளில், 100 லட்சம் கோடி பிட்டுகளைப் படித்தால் ஒன்று படிக்க இயலாமற் போகக்கூடும் என்று செய்தவர்களே வரம்பு குறிப்பது வழக்கம். அது பன்னிரண்டரை டெராபைட் ஆகும். நான்கு டெராபைட் வட்டுகள் நான்கைக்கொண்ட ரெய்டு 5 அணியில் ஒன்றை மீட்டெழுதுவதற்கு, மற்ற மூன்றிலிருந்து பன்னிரண்டு டெராபைட் படிக்க வேண்டும். பெரும்பாலான வட்டுகள் அந்த வரம்பைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆயினும் பெரிய வட்டுகளுக்கு ரெய்டு 5 போதிய காவல் அன்று என்று அறிந்தோர் கூறுவதன் காரணம் இதுவே.

இரண்டாவது, ஓய்வில் வைக்கும் வட்டின் தகுதி. பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க, அதற்குரிய தகுதி பெற்றவரைத்தான் அனுப்ப முடியும். அதுபோல ஓய்வு வட்டின் கொள்ளளவு, அணியில் உள்ளவற்றுக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருத்தல் வேண்டும். மேலே அச்சிட்ட அளவு ஒன்றாக இருந்தும், உள்ளே சிறிது குறைந்தால் கன்ட்ரோலர் அதனை ஏற்க மறுக்கலாம். சாஸ், சாட்டா என்னும் இணைப்பு வகையும் ஒத்திருத்தல் வேண்டும். சுழலும் வட்டுக்குப் பதிலாகச் சுழலாத எஸ்.எஸ்.டி.யையும் பல கன்ட்ரோலர்கள் ஏற்பதில்லை. அணிக்கென்று செய்த வட்டுகளையே வாங்குதல் நலம். மேசைக் கம்ப்யூட்டரின் வட்டு, படிக்க முடியாத இடம் ஒன்றைக் கண்டால் நெடுநேரம் முயன்றுகொண்டே நிற்கும். விடை வரவில்லையே என்று கன்ட்ரோலர் அதனை இறந்ததாகக் கருதி அணியிலிருந்து நீக்கிவிடும். அணிக்கு உரிய வட்டு சில விநாடிகளில் முயற்சியை விட்டுச் செய்தி சொல்லும். கன்ட்ரோலர் பாரிட்டியிலிருந்து அந்த இடத்தைத் திருத்திக்கொள்ளும்.

மூன்றாவது, அமைக்கும் முறை. சர்வர் தொடங்கும்பொழுது உரிய விசைகளை அழுத்தினால் கன்ட்ரோலரின் திரை தோன்றும். பொருத்திய வட்டுகளின் பட்டியல் அதில் இருக்கும். சேர வேண்டிய வட்டுகளைக் குறித்து, ரெய்டு நிலையைத் தேர்ந்து, அணியை உருவாக்க வேண்டும். அதன்பின் தயாரிப்பு வேலை நடக்கும். அதனை முழுமையாகச் செய்தால் வட்டுகளில் முன்பு இருந்தவை யாவும் அழியும். ஆகையால் பழைய வட்டைச் சேர்ப்போர் அதில் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டே விசையை அழுத்துதல் வேண்டும். ஓய்வு வட்டைக் குறிக்கும்பொழுது, ஓர் அணிக்கு மட்டும் உரியதா, எல்லா அணிகளுக்கும் பொதுவா என்று கன்ட்ரோலர் கேட்கும். அணி ஒன்றே இருந்தால் இரண்டும் ஒன்றுதான். பல இருந்தால், இழக்கவே கூடாத அணிக்குத் தனியாக ஒன்றை ஒதுக்கலாம்.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு சொல். கன்ட்ரோலர், எழுத வேண்டியதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, எழுதியாயிற்று என்று முன்னதாகவே விடை சொல்லும் முறை ஒன்று உண்டு. வேகம் கூடும். ஆனால் அந்த நொடியில் மின்சாரம் போனால் நினைவகத்தில் உள்ளது அழியும். அதற்காகவே கன்ட்ரோலரில் ஒரு சிறு பேட்டரி வைப்பர். சில ஆண்டுகளில் அது மூப்படைந்துவிடும். நம் ஊர்களில் மின்சாரம் எப்பொழுது போகும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆதலின் அந்தப் பேட்டரியின் நிலையையும் பார்த்து வருதல் வேண்டும்.

நான்காவது, வட்டை மாற்றும் முறை. ஊனமுற்ற அணியில் கெட்டதை விட்டு நல்லதை உருவிவிட்டால், ஒருவருக்குப் பதில் இருவரை இழந்தவர் ஆவோம். எனவே அணியை அமைத்த நாளிலேயே, எந்தப் பெட்டியில் எந்த வரிசை எண்ணுள்ள வட்டு இருக்கிறது என்று எழுதி, சர்வரின் பக்கத்தில் ஒட்டி வைத்தல் வேண்டும். கன்ட்ரோலரிடம் கேட்டால், கெட்ட வட்டின் விளக்கை அது மின்னச் செய்தும் காட்டும். இரண்டும் ஒத்தால் மட்டுமே கை வைக்கலாம். புதிய வட்டைப் பொருத்தியபின், சில கன்ட்ரோலர்கள் செய்தியைப் புதியதற்கு மாற்றிவிட்டுப் பழைய ஓய்வு வட்டை மீண்டும் ஓய்வுக்கு அனுப்பும். வேறு சில, புதியதையே ஓய்வு வட்டாக ஏற்கும். தாமே ஏற்காதவற்றுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். எவ்வகையாயினும், ஓய்வு இடம் மீண்டும் நிரம்பியதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

கடைசியாக, யாவற்றினும் முதன்மையானது ஒன்று. அணி வேறு, பிரதி வேறு. ஒருவர் தவறுதலாக ஓர் ஏட்டின் படத்தை அழித்தால், அணி அந்த அழிவையும் எல்லா வட்டுகளிலும் ஒழுங்காகவே செய்து முடிக்கும். தீயும் வெள்ளமும் திருட்டும் நான்கு வட்டுகளையும் ஒருங்கே கொண்டுபோகும். அணி காப்பது வட்டின் பழுதிலிருந்து மட்டுமே. மற்றவற்றிலிருந்து காப்பது வேறிடத்தில் வைத்த பிரதியே. எங்கள் பள்ளியில் 26 ஏடுகளைக் காத்தது விலை மிக்க கன்ட்ரோலர் அன்று. ஓர் ஆசிரியையின் வீட்டு மேசையில் இருந்த சிறிய வட்டுத்தான்.

இப்பொழுது அப்பள்ளியில் நான்கு புதிய வட்டுகள் ரெய்டு 6 அணியாக நிற்கின்றன. ஒரே நாளில் செய்தவை ஒரே காலத்தில் மூப்படையக்கூடும் என்பதால், இரண்டை ஒரு கடையிலும் இரண்டைச் சில வாரம் கழித்து வேறு கடையிலும் வாங்கினோம். ஐந்தாவது வட்டு ஒன்று பிரிக்காத உறையோடு பீரோவில் இருக்கிறது. ஒலி முடக்கப்படவில்லை. பழுது நேர்ந்தால் மூவருடைய மின்னஞ்சலுக்குச் செய்தி வரும். மாதம் ஒரு முறை, பாரிட்டிக் கணக்கு செய்தியோடு பொருந்துகிறதா என்று கன்ட்ரோலர் தானே சரிபார்க்கும். மாதக் கடைசியில் எடுக்கும் பிரதி வேறு கட்டடத்தில் இருக்கும். அப்பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து படித்துப் பார்த்த பின்னரே அதனைப் பூட்டுவோம்.

இவற்றோடு என் பழைய வழக்கம் ஒன்றையும் சேர்த்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று சர்வரின் மேல் இருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒருவர் சென்று, நான்கு விளக்குகளும் பச்சையா, அணி முழு நலத்தோடு இருக்கிறதா, பேட்டரி நன்றா என்று பார்த்து, தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. கைப்பேசிக்கே செய்தி வரும்பொழுது இந்த நோட்டு எதற்கு என்று இளைஞர் ஒருவர் கேட்டார். வரும் செய்தியைப் படிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதை நோட்டுக் காட்டுகிறது என்றேன். நான் உள்ளூரில் இருக்கும் திங்கட்கிழமைகளில் நானே சென்று கையெழுத்திடுகிறேன். போகும் வழியில்தான் அந்த வேப்பமரம் இருக்கிறது.

உங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ இத்தகைய இயந்திரம் ஒன்று ஓர் அறையில் இருக்கலாம். நாளைக் காலை அங்கே சென்று, ஓய்வு வட்டு இன்னும் ஓய்வில்தான் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.